ஜானட் டீச்சரின் ரெண்டு கட்டை

ஜானட் டீச்சரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற யாரைக் கேட்டாலும், "அவங்க இல்லன்னா பாடகர் குழுவே இல்ல" என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் எல்லாம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள். பாடகர் நிற்கிற மாடியில் அவள் கைக்குக் கீழே நின்று பாடிய எங்களைக் கேட்டால் கதை வேறு மாதிரி வரும்.

பெரியவளாயிற்றே, "அவர்" என்று எழுதலாம் என்று பார்த்தேன். கை வரவில்லை. டீச்சர் என்று கூப்பிடுகிறோமே தவிர, அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவள் இல்லை. ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவள். பார்சல் கட்டுகிறவர்களை முப்பது வருஷம் அதட்டிய அதே வாயோடு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அதட்டினாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் காது இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் எனக்கு நாக்கு அழுகிப்போகும். எந்தப் பாட்டுக்கும் ஒரு ஆதார ஸ்வரம் உண்டு, மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடும். அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை இடமிருந்து எண்ணிக்கொண்டு போவது. ஒரு கட்டை, ரெண்டு கட்டை, நடுவில் கறுப்பு வந்தால் ஒன்றரை, ரெண்டரை. மற்றவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வாத்தியம் வேண்டும். ஜானட்டுக்குத் தேவையில்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் "நாலு" என்பாள். பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் "ஆறரை, தேஞ்சிபோன ஆறரை" என்பாள். புதிதாக வந்த பங்குத்தந்தை முதல் பூசையில் பாட ஆரம்பித்தபோது, பூசை முடிந்ததும் நேராக, சாமியார் உடை மாற்றுகிற சக்கிறீஸ்துக்குள் போய், "ஃபாதர், நீங்க புடிச்சது ரெண்டே கால் கட்டை. அப்டி ஒரு கட்டையே கெடயாது" என்றாள். பாவம், அந்த மனுஷர் அன்றிலிருந்து ஜெபங்களைப் பாடுவதை விட்டுவிட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. என்னை மேல்குரலான சோப்ரானோவிலிருந்து அதற்குக் கீழே பாடுகிற ஆல்டோவுக்குத் தள்ளியதற்குக்கூட இல்லை. லியோனார்ட் அங்கிளின் மனைவி செத்துப்போன அன்றைக்கு வந்தது. லியோனார்ட் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எங்கள் குழுவில் எல்லாருக்கும் அடியில் பாடுகிற பெரிய பேஸ் குரல். அன்று கோயிலில் பெட்டி வைத்திருக்கிறது, மனுஷர் பெட்டியருகே நிற்கிறார், நாங்கள் அழுதுகொண்டே பாடுகிறோம். அழுதால் குரல் இறங்கத்தானே செய்யும். ஜானட் கையை வெட்டி நிறுத்தினாள். "எறங்கிட்டீங்க. மொதல்லேர்ந்து." பெட்டிக்குள் இருப்பவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை என்று நினைத்திருப்பாள்போல. நாங்கள் முதலிலிருந்து பாடினோம். நான் அன்றிலிருந்து அவளை மன்னிக்கவில்லை.

அவளுக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. ஒவ்வொரு கட்டையும் ஒரு விலாசம் என்பாள். ஈஸ்டரில் பாடுகிற வானவர் கீதம் ரெண்டு கட்டையில் குடியிருக்கிறது, அதை ஒன்றரைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது அந்தப் பாட்டே இல்லை. எங்களுக்கு இது புரிந்ததே கிடையாது. எங்கே ஆரம்பித்தாலும் மெட்டு அதே மெட்டுதானே? உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அப்படித்தான் கேட்கும். அவளுக்கு மட்டும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு முகம் தெரிந்தது, அதனால் எங்களை எல்லாம் குருடர்கள் என்று நினைத்தாள்.

அவள் சொல்கிற விலாசம் ஒன்றும் ஆதிகாலத்திலிருந்து வந்தது இல்லை. அவளுடைய அப்பா காலத்தில் கோயிலில் லத்தீன் பாட்டு. சாமியார் தொண்டைக்கு எது வருகிறதோ அங்கே ஆரம்பிப்பார், ஜனங்கள் பின்னால் போவார்கள். எந்தக் கட்டை என்று கேட்க ஆளில்லை. அந்தப் பாட்டுகளில் மேஜர், மைனர் என்பதும் இல்லை. பாட்டு எந்த ஸ்வரத்தில் போய் உட்காருகிறது, எதைச் சுற்றித் திரும்பத் திரும்ப வருகிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் கால் மிதிக்கிற ஆர்மோனியம் வந்தது, பாட்டுக்கு நிரந்தரமாக ஒரு கட்டை கிடைத்தது. தமிழில் பூசை வந்ததும் கூடவே கிதார் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் அடியில் மூன்று ஸ்வரத்தைச் சேர்த்து அடிக்கிற கார்டு போட்டார்கள், மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் துக்கம் என்று குழந்தைகள்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஜானட் பாட்டுக் கற்றது ஆர்மோனியத்துக்கும் கிதாருக்கும் நடுவில். தான் கற்ற அன்றைக்குச் சங்கீதம் வளர்ந்து முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஆட்களில் அவளும் ஒருத்தி.

அப்புறம் ஜோ வந்தான். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டில் வேலை, சாயங்காலம் ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு. அவன் தலைமுறைக்குக் கட்டை என்பதே விலாசம் இல்லை, கீபோர்டில் இருக்கிற ஒரு பட்டன். எல்லாப் பாட்டையும் ஒரே கட்டையில் வாசித்துப் பழகிக்கொண்டு, பாடுகிறவருக்கு ஏற்ற மாதிரி பட்டனை அழுத்துவார்கள். ஒரு அழுத்துக்கு அரைக் கட்டை ஏறும், இன்னொரு பக்கம் அழுத்தினால் இறங்கும். விரல் இருந்த இடத்திலேயே இருக்கும். வியாசர்பாடியில் ஜோவின் தோஸ்து சித்தார்த் கானா ரெக்கார்டிங் பண்ணுகிறான். அங்கே அதுவும் வேண்டாமாம்.

"பாடறவன் எங்க ஆரமிச்சாலும் பரவால்ல டீச்சர்" என்று ஜோ ஒருநாள் ஆசையாகச் சொன்னான். "கம்ப்யூட்டரே அவன் ஸ்கேல் இன்னான்னு கண்டுபுட்ச்சிரும். விட்டுப்போன சுதியெல்லாம் இழுத்து அதது எடத்துலயே உக்கார வெச்சிரும்."

"அப்ப பாடறது யாரு, கம்ப்யூட்டரா?" என்றாள் ஜானட்.

"அவன்தான் டீச்சர் பாடறான்."

"அவன் இன்னாத்த பாடறான். அவன் கத்துறான், அது பாடுது. இந்தக் கலீஜெல்லாம் உன் தோஸ்தோட வெச்சிக்க. கோயிலுக்குள்ள அந்தப் பட்டனத் தொட்ட, நட."

ஜோ நல்ல பையன். அவளுக்காக உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் அதனதன் கட்டையில் வாசிக்கப் பழகினான். யார்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பழகினான். கோயில் கீபோர்டில் பட்டன் எத்தனை அழுத்து என்று காட்டுகிற எண் எப்போதும் சைபரிலேயே நின்றது. நான் அவன் பக்கத்தில் நிற்கிறவள், எனக்குத் தெரியும்.

இந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை நடுவிலேயே ஜானட் அவன் பக்கம் திரும்பி, "எறக்கு" என்று பல்லைக் கடித்தாள். ஜோவுக்குப் புரியவில்லை. பூசை முடிந்ததும் மாடியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நெனச்சிகினு கீற? அரைக் கட்டை ஏத்தி வெச்சிகினு வாசிக்கிற. எனக்குத் தெரியாதுன்னு பாத்தியா?"

"டீச்சர், தொடவே இல்ல. பாருங்க, சைபர்."

"நான் பாக்க வர்றப்போ எறக்கிட்ட."

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் பொய்யன் என்றாள். ஜோ செல்போனில் சுருதி பார்க்கிற ஆப்பைக் காட்டினான். "போனும் உன்னுதுதான" என்றாள். அதோடு ஃபாதரிடம் போய், "ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். ரெண்டே கால் கட்டை விஷயத்தில் அடிபட்ட ஃபாதர் என்ன செய்வார்? அவள் காது தப்பாது என்பது ராயபுரம் முழுக்கத் தெரிந்த சேதி. ஜோவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வராமல் இரு தம்பி" என்று சொல்லிவிட்டார். ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் என்று அவனுக்குப் பெயர் வந்தது. அவன் மாடியிலிருந்து வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கியபோது எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று இருந்தது.

அவன் போன பிறகு கோயில் கீபோர்டில் அவளே உட்கார்ந்தாள். ரெண்டு வரி வாசித்தாள். நிறுத்தினாள். குனிந்து பட்டனின் எண்ணைப் பார்த்தாள். மறுபடி ஒரே ஒரு கட்டையை மட்டும் நாலைந்து தரம் அழுத்தினாள். அப்புறம் மூடியைச் சாத்தி, "பொட்டியவே கெடுத்து வெச்சிட்டுப் போய்ட்டான். தவக்காலந்தான, ஒண்ணும் வேணாம். வெறும் வாயால பாடுவோம்" என்றாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் எங்கள் கோயில்களில் வாத்தியம் எதுவும் ஒலிக்கக் கூடாது. மணிகூட அடிக்க மாட்டார்கள், மரப்பலகையைத் தட்டுவார்கள். பெரிய வெள்ளி மூன்று மணி வழிபாட்டில் பாடகர் குழு வெறும் தொண்டையோடு நிற்கும். ஆரம்பிக்கிற ஸ்வரத்தை ஜானட்தான் தருவாள். எந்த வாத்தியத்தையும் தொடாமல், யாரையும் கேட்காமல், வாயைத் திறந்து ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். அது அவளுக்கு வருஷத்தில் பெருமையான நாள். அன்று முழுக் கோயிலும் அவள் தலைக்குள்ளிருந்து வருகிற ஒரு சத்தத்தில் நிற்கும்.

இந்த வருஷமும் கொடுத்தாள். ரெண்டு கட்டை மைனரில் ஒரு நீளமான புலம்பல் பாட்டு. முதல் சரணம் முடிகிற இடத்தில் பேஸ் குரல் மட்டும் கீழே இறங்கி நிற்க வேண்டும். அந்த ஸ்வரம் லியோனார்ட் அங்கிள் தொண்டையின் அடித்தரை. அதற்குக் கீழே அவருக்கு ஒன்றுமில்லை, இத்தனை வருஷமும் அதை மட்டும் சரியாகத் தொட்டுவிட்டு வருவார். இன்று அவர் இறங்கினார், காற்றுதான் வந்தது. இரண்டாவது சரணத்திலும் காற்று. கீழே ஜனங்கள் சிலுவையை முத்தமிட வரிசையில் நிற்கிறார்கள், மேலே மனுஷர் வாயைத் திறந்தபடி ஜானட்டைப் பார்க்கிறார். அவள் நிமிரவில்லை.

வழிபாடு முடிந்து வாசலில் மாதா கெபிக்குப் பின்னால் ஜோ நின்றுகொண்டிருந்தான். வெளியே அனுப்பப்பட்டவன் ஆனாலும் பெரிய வெள்ளிக்கு வராமல் இருப்பானா? வழிபாடு முழுக்கக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்தச் சுருதி ஆப்பைத் திறந்து வைத்திருந்திருக்கிறான்.

"அங்கிள், டீச்சர் குடுத்தது ஒரு கட்டை" என்றான். "ரெண்டு இல்ல."

லியோனார்ட் அங்கிள் தாடையைத் தடவினார். "அத்தான் பார்த்தேன். நேத்து வூட்ல பாடறப்போ வந்துச்சே, இன்னிக்கி இன்னா ஆச்சின்னு."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இன்று கோயிலில் கீபோர்டே இல்லை. அவள் தொண்டையில் பட்டன் எதுவும் கிடையாது. ஜோ ஏற்றி வாசிக்கவில்லை, அவள் காதுதான் எல்லாவற்றையும் ஏற்றிக் கேட்கிறது. அதனால்தான் அவள் ரெண்டு என்று நினைத்துத் தருவது ஒன்றில் வந்து விழுகிறது. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். மாட்டினாள் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் சனி இரவுப் பூசைக்கு இளைஞர் குழு பாடும். ஞாயிறு காலைப் பூசை எங்களுடையது. சனிக்கிழமை காலையில் பங்கு ஹாலில் ஒத்திகை. வானவர் கீதத்துக்குக் கீபோர்டு இல்லாமல் முடியாது, நான் ஜோவைக் கூட்டிக்கொண்டு போனேன். குழு முழுக்க நிற்கும்போதே கேட்டேன்.

"டீச்சர், நேத்து நீங்க குடுத்தது ஒரு கட்டை. ஜோவோட போன்ல கீது, லியோனார்ட் அங்கிள் தொண்டையிலயும் கீது. இவன் ஏத்தி வாசிச்சான்னு சொன்னீங்களே, நேத்து எந்தப் பட்டன யாரு அமுக்கினாங்க?"

சீறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்றேன்.

"அன்னிக்கி பொட்டில உக்காந்தேன் பாரு, அப்பவே தெரியும். ரெண்டு கட்டைல கை வெக்கிறேன், ரெண்டரை கேக்குது. இப்ப அதுவும் தாண்டி மூணு கேக்குது. கைக்கு ஒண்ணு தெரியுது, காதுக்கு ஒண்ணு தெரியுது. காது டாக்டராண்ட போனேன். மெஷின் வெச்சிப் பாத்துட்டு, வயசுக்கு நல்லாத்தாம்மா கேக்குது, சில பேருக்கு இப்டி ஆகும், பேச்சு புரியுதுல்ல, அப்றம் இன்னா பேஜாருன்னான்."

"தெரிஞ்சும் என்ன வெளிய வெச்சீங்களா?" என்றான் ஜோ. "மூணு வாரமா என் வூட்ல யாரும் என்னாண்ட மூஞ்சி குடுத்துப் பேசல டீச்சர்."

"வேற இன்னா பண்ணச் சொல்ற?" ஜானட் கத்தினாள். "இது போச்சின்னா எனக்கு இன்னாடா கீது? உங்களுக்கு இன்னா, எங்க வெச்சாலும் பாட்டு ஒரே பாட்டு. எனக்கு ஒவ்வொரு பாட்டும் தப்பான வூட்ல குந்திகினு கீது. பூசைல மணி அடிச்சா தப்பு. ட்ரெயின் போனா தப்பு. கப்பல் கூவுனா தப்பு. இத்தினி வருசம் எனக்குத் தெரிஞ்ச ஊரே இல்ல இது."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாளா என்றுதான் காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. எழுந்து ஜோவிடம் போய், மெதுவாக, "அந்தப் பட்டன ஒண்ணு எறக்கு" என்றாள்.

ஜோ கையைக் கட்டிக்கொண்டான். "மொதல்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

ஜானட் எங்கள் பக்கம் திரும்பினாள். பார்சல் ஆபீஸ் குரலில், யாரையோ திட்டுகிற மாதிரியே சொன்னாள். "ஜோ பட்டனத் தொடல. பொய் சொல்லல. பொய் சொன்னது நானு. ஃபாதராண்டயும் சொல்லிர்றேன். போதுமா?"

ஜோ பட்டனை ஒரு தரம் அழுத்தி, வானவர் கீதத்தின் முதல் கார்டைத் தொட்டான். அவள் தலையை ஆட்டினாள். "இன்னும் ஒண்ணு." மறுபடி அழுத்தினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றாள். நாங்கள் பாடினோம். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தவக்காலம் முழுக்க இறுகிக் கிடந்த தாடை தளர்ந்தது, உதடு எங்களோடு சேர்ந்து அசைந்தது. ஆனால் பேஸ் குரல்கள் அடியில் உறுமிக்கொண்டிருந்தன, எங்கள் ஆல்டோ பாதி வரி காற்றில் போனது. ஈஸ்டர் பாட்டு அடக்கப் பூசைப் பாட்டு மாதிரி இழுத்தது. நாலாவது வரியில் அவள் கையை வெட்டினாள்.

"கேவலமா கீது" என்றாள். "ஏத்து. சைபர்ல வை."

"உங்களுக்குத் தப்பாக் கேக்குமே டீச்சர்" என்றான் ஜோ. அவனுக்கு அவள்மேல் கோபம் போய்விட்டது போலிருந்தது. எனக்குப் போகவில்லை.

"எனக்குக் கேக்கறதுக்கா பாடறீங்க? ஏத்துடா."

ஜோ ஏற்றினான். அவள் கை தூக்கினாள், பாட்டு கிளம்பியது, ரெண்டாவது வரியில் அவள் கை தடுமாறியது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அதே இடத்தில் தடுமாறியது. காது ஒரு பக்கம் இழுக்க, கை இன்னொரு பக்கம் போனது. மூன்றாம் தரம் ஒத்திகையைப் பாதியில் நிறுத்தி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நாளைக்கு லியோனார்ட் அங்கிள்தான் கை காட்ட வேண்டியிருக்கும் என்று படியிறங்கும்போதே பேசிக்கொண்டோம். நான்தான் அதை முதலில் சொன்னேன், மெதுவாகவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை அவள் எங்களுக்கு முன்னாலேயே வந்து மாடியில் நின்றாள். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை. ஃபாதர் கீழே ஆரம்பித்ததும் கைப்பையைத் திறந்து, பஞ்சை எடுத்து, ரெண்டு காதிலும் விரலால் குத்திக் குத்தி அடைத்தாள். அப்புறம் ஜோவைப் பார்த்துத் தலையசைத்தாள். வானவர் கீதம் ரெண்டு கட்டையில் எழுந்தது, கீழே மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன, கோயில் முழுக்க எழுந்து நின்று பாடியது. ஜானட் எங்கள் வாய்களையும் ஜோவின் விரல்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு கை காட்டினாள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. அப்படி ஒரு வானவர் கீதத்தை நாங்கள் பாடியதில்லை, அதை மாடியில் கேட்காதவள் அவள் ஒருத்திதான்.

பூசை முடிந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவள் பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கொஞ்சம்கூடக் கேக்கலியா டீச்சர்?"

"கேட்டா கை தப்பாப் போவுது" என்றாள். பஞ்சை உருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணாவது வரில நீ வாயே தொறக்கல. கண்ணு இன்னும் கெடல எனக்கு."